வண்டி ஓடினால் ரேடியோ இரைகிறதா? மூலத்தைக் கண்டுபிடித்து அடக்கும் முழுமையான வழிகாட்டி

கோவை வானொலியின் மத்திய அலை எண் 999 கிலோஹெர்ட்ஸ். அதில் மூன்றில் ஒரு பங்கு 333. லைட்டர் சாக்கெட்டில் செருகும் மொபைல் சார்ஜருக்குள், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சின்ன சர்க்யூட் ஒன்று நொடிக்கு லட்சக்கணக்கான முறை கரன்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த வெட்டு 333 கிலோஹெர்ட்ஸை ஒட்டி நடந்தால், அதன் மூன்றாம் மடங்கு நேராகக் கோவை நிலையத்தின் மேல் போய் உட்காரும். செய்தி கேட்க வேண்டிய இடத்தில் ‘உய்ய்ங்’ என்று விசில்தான் கேட்கும். பண்பலையிலும் இதே கணக்குதான். டேஷ்கேமராவுக்குள் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்தால் அதன் நான்காம் மடங்கு 100. கொடைக்கானல் பண்பலை 100.5, அதற்குப் பக்கத்திலேயே. மெல்லிசாக வரும் இடங்களில் கொடை நிலையம் அந்தக் கேமராவைச் செருகியதும் இரைச்சலில் மூழ்கிவிடலாம்.

ஸ்டீரியோ கெட்டுவிட்டது என்று புதிது வாங்கி மாட்டியும் இரைச்சல் குறையாமல் இருப்பது இதனால்தான். கோளாறு பெரும்பாலும் ரேடியோவில் இருப்பதில்லை. கடையில் ‘நாய்ஸ் ஃபில்டர்’ ஒன்றை வாங்கி மாட்டினாலும் பாதி வண்டிகளில் பலன் கிடைக்காது. இரைச்சல் எந்த வழியாக ஏறுகிறது என்று பார்க்காமல் மாட்டியது அது. வழியை முதலில் பிரிக்க வேண்டும், அடுத்து மூலத்தைப் பிடிக்க வேண்டும், ஃபில்டரும் ஃபெரைட்டும் (வயரில் ஓடும் இரைச்சலை விழுங்கும் காந்தப்பொருள் வளையம்) அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றினால் செலவுதான் மிஞ்சும்.

கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. பேட்டரியில் ஓடும், ஏ.எம்., எஃப்.எம். இரண்டும் உள்ள சின்ன ரேடியோ ஒன்று. ஃபியூஸ் பிடுங்கும் பிளாஸ்டிக் இடுக்கி, 10 மி.மீ. ஸ்பேனர், உப்புத்தாள், ஸ்டார் வாஷர்கள் சில. முடிந்தால் யூ.பி.எஸ்.ஸில் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியும், 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த வயரும். இஞ்சின் ஓடும்போது பானெட்டுக்குள் குனியப் போகிறீர்கள். தோளில் துண்டு வேண்டாம், வேட்டியோடும் நிற்க வேண்டாம். பெல்ட்டும் ரேடியேட்டர் ஃபேனும் சொல்லிக்கொண்டு இழுக்காது.

படி 1: இரைச்சல் உங்கள் வண்டியுடையதுதானா?

கொங்குப் பகுதியில் இதை முதலில் பார்ப்பது மிகவும் அவசியம். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூடங்களை ஒட்டிப் போகும்போதும், உயரழுத்த லைனுக்கு அடியில் போகும்போதும் ஏ.எம். ரேடியோ கொரகொரக்கும். ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட (டிசி) லைன் போன்ற பெரிய லைன்களில் கம்பியைச் சுற்றியுள்ள காற்றே லேசாக மின்னேறுவதால் சடசடப்பு வரும். உடைந்த இன்சுலேட்டர், தளர்ந்த ஜம்பர் உள்ள சாதாரண லைன் அதைவிட மோசம். இவற்றுக்கு உங்கள் வண்டியில் மருந்து கிடையாது.

ஆகவே லைனும் தறியும் மோட்டார் செட்டும் இல்லாத ஒரு கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) ஓரமாக வண்டியை நிறுத்துங்கள். இஞ்சினை அணைத்து, சார்ஜர், கேமரா எல்லாவற்றையும் பிடுங்கி, சாவியை ‘ஏசிசி’ நிலையில் வைத்து ரேடியோவை மட்டும் கேளுங்கள். இப்போது வருவதுதான் உங்கள் அளவுகோல். ஏ.எம்.மில் ஒன்று, எஃப்.எம்.மில் ஒன்று, மெல்லிசாக வரும் நிலையங்களாக வைத்துக்கொள்ளுங்கள். வலுவான நிலையத்தில் இரைச்சல் அமுங்கிவிடும், சோதனை பொய்யாகும்.

இரைச்சல் போலத் தோன்றி ஏமாற்றுபவை இரண்டு. எஃப்.எம்.மில் நிலையத்தை விட்டு விலகிப் போகப் போக, ஸ்டீரியோ ஒலியில் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சீறல் ஏறும். இஞ்சினை அணைத்தாலும் அது போகாது. அது சிக்னல் பற்றாக்குறை. ஆனைகட்டி, வால்பாறை மலைப்பாதைகளில் குன்று மறைத்தாலும் இதேதான். இன்னொன்று செட்டிங். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் ரேடியோ ‘ரீஜியன்’ அமெரிக்கா என்று இருந்தால் ஏ.எம். 10 கிலோஹெர்ட்ஸ் தாவலில் ஓடும். 999-க்குப் பதில் 1000-இல் நிற்கும், குரல் கரகரக்கும். நம் நாட்டில் தாவல் 9 கிலோஹெர்ட்ஸ். ரீஜியனை ஆசியா என்று மாற்றினால் அந்தக் கரகரப்பு அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: காதால் பிரிப்பது

இஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை 2,000 ஆர்.பி.எம். வரை மெல்ல ஏற்றி இறக்குங்கள்.

ஆர்.பி.எம்.மோடு சேர்ந்து சுருதி ஏறி இறங்கும் ‘உய்ங்’ என்றால் ஆல்டர்னேட்டர், நம் ஊர் வழக்கில் டைனமோ. ஆர்.பி.எம்.மோடு வேகம் கூடும் படபடப்பு என்றால் இக்னீஷன். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க். 750 ஆர்.பி.எம். ஐடிலில் நொடிக்கு 25. அதனால் அது தனித்தனி ‘டிக்’காகக் கேட்காமல் அடர்த்தியான உறுமலாகக் கேட்கும். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது, இந்த வகையை அங்கே தேட வேண்டாம். இன்ஜெக்டர் வயர்களிலிருந்து லேசான டிக்டிக் வரலாம்.

சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் ஒன்றிரண்டு நொடி மட்டும் வந்து நின்றுபோகும் இரைச்சல் பெட்ரோல் பம்பு. வைப்பர், ஏசி புளோயர், பவர் விண்டோ ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். அவற்றோடு மட்டும் வருவது மோட்டாரின் கார்பன் பிரஷ்.

ஆர்.பி.எம்.முக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரே மட்டத்தில் ‘ஷ்ஷ்’ என்று மூடிக்கொள்வதும், குறிப்பிட்ட எண்களில் மட்டும் விசிலடிப்பதும் சுவிட்சிங் கன்வர்ட்டர்: சார்ஜர், டேஷ்கேமரா, எல்இடி பல்பு. அவ்வப்போது ‘டிடிக்-டிடிக்-டிடிக்’ என்று ஸ்பீக்கரில் தட்டுவது, ரேடியோவை மாற்றி புளூடூத்தில் பாட்டுப் போட்டாலும் கேட்டால், 2ஜி சிம் உள்ள ஜிபிஎஸ் டிராக்கர். அந்த வகை மோடம் நொடிக்கு 217 முறை துடிப்பதை ஆடியோ வயர் பிடித்துக்கொள்கிறது. டிராக்கரைக் கழற்ற வேண்டியதில்லை, ஏஐஎஸ்-140 என்ற அரசுத் தரத்திலான டிராக்கர் கட்டாயமான வண்டியில் கழற்றவும் கூடாது. ஸ்டீரியோவிலிருந்தும் ஸ்பீக்கர் வயர்களிலிருந்தும் 30 செ.மீ.க்கு மேல் தள்ளிக் கட்டினாலே பெரும்பாலும் அடங்கும்.

இஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டும்போதும் வருகிறது, பிரேக்கை லேசாகத் தொட்டால் நிற்கிறது என்றால் சக்கரத்தில் சேரும் நிலைமின்சாரம். இதை ஆளில்லாத சமதரையில் ஆள் நடக்கும் வேகத்தில் மட்டும் பாருங்கள். இஞ்சின் நின்றால் பிரேக் கடினமாகும், சாவியையும் முழுக்கத் திருப்பக் கூடாது, ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். இந்த வகை அரிது.

படி 3: எந்த வழியாக ஏறுகிறது?

மொத்த வேலையிலும் அதிகம் சொல்லித்தரும் சோதனை இது. செய்யத் தேவை ஐந்து நிமிடம்.

இரைச்சல் வரும் நிலையிலேயே ஸ்டீரியோவை வெளியே இழுத்து, பின்னால் இருக்கும் ஆன்டெனா பிளக்கைப் பிடுங்குங்கள். நிலையம் போய்விடும், அதைப் பார்க்க வேண்டாம். முன்பு கேட்ட அந்தக் குறிப்பிட்ட இரைச்சல் நிற்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். வெறும் ‘ஸ்ஸ்’ மட்டும் மிஞ்சினால் இரைச்சல் ஆன்டெனா வழியாக வந்துகொண்டிருந்தது. பவர் வயரில் எத்தனை ஃபில்டர் போட்டாலும் பயன் இருக்காது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதே ‘உய்ங்’ இருந்தால் பவர் வயர், எர்த், ஆடியோ கேபிள் இவற்றில் ஒன்று.

இந்த இரண்டாம் வகையில் யூ.பி.எஸ். பேட்டரி கைகொடுக்கும். ஸ்டீரியோவின் மஞ்சள், சிவப்பு வயர்களை வண்டியிலிருந்து பிரித்து ஃபியூஸ் வழியாக அந்தப் பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பை மைனஸிலும் கொடுங்கள். வால்யூம் குறைவாக இருக்கட்டும். இரைச்சல் போனால் பவர் லைன் வழிதான். போகவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆர்சிஏ கேபிளை ஸ்டீரியோ பக்கம் கழற்றிப் பாருங்கள். அப்போது நின்றால், இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எர்த் எடுத்ததால் வந்த எர்த் லூப்.

படி 4: மூலத்தைப் பிடிப்பது

சாக்கெட்டில் இருக்கும் அனைத்தையும் முதலில் பிடுங்குங்கள். போன் சார்ஜர், டேஷ்கேமரா, டயர் பிரஷர் டிஸ்ப்ளே, எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர், சீட் கவருக்குள் ஓடும் ஃபேன் எல்லாம். போனை மட்டும் கழற்றிச் சார்ஜரை விட்டுவைப்பது போதாது. சும்மா செருகியிருந்தாலும் கன்வர்ட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்து ஃபியூஸ். இஞ்சின் ஓடாமலே வரும் இரைச்சலுக்கு மட்டும் இந்த முறை. சாவியை அணைத்து ஒரு ஃபியூஸைப் பிடுங்கி, மறுபடி சாவியைப் போட்டுக் கேட்டு, அந்த ஃபியூஸைத் திரும்பச் செருகிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பெட்டி மூடியை போனில் படம் எடுத்துவைத்தால் இடம் மாறாது. ஏர்பேக், ஏபிஎஸ், இஞ்சின் ஈசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஃபியூஸ்களைத் தொட வேண்டாம்.

ஃபியூஸ் காட்டிக்கொடுத்த சர்க்யூட்டில் எந்தக் கருவி என்று கண்டுபிடிக்கச் சின்ன ரேடியோ போதும். ஏ.எம்.மில் நிலையம் இல்லாத ஓர் இடத்தில் வைத்து, வயர் ஓடும் பாதையோடு நகர்த்துங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி திசை பார்க்கும். செட்டை அப்படியும் இப்படியும் திருப்பி, அதிகம் இரையும் திசையில் தொடருங்கள். எஃப்.எம். இரைச்சலுக்கு ஏரியலை முழுக்க உள்ளே தள்ளிவிட்டுப் பக்கத்தில் கொண்டுபோங்கள், இல்லையென்றால் வண்டி முழுவதும் ஒரே மாதிரி கேட்கும்.

படி 5: ஆன்டெனா

இரைச்சல் ஆன்டெனா வழி என்று தெரிந்தால், மூலத்தை விரட்டும் முன் ஆன்டெனா தன் வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள். சிக்னல் மெலிந்தால் ரேடியோ தன் சக்தியைக் கூட்டும், கூடவே இரைச்சலும் கூடும்.

அதிகம் தவறவிடப்படுவது இது: கூரைமேல் குட்டி ஏரியலோ சுறாத்துடுப்பு வடிவமோ உள்ள பல கார்களில் ஆன்டெனாவின் அடியிலேயே பூஸ்டர் இருக்கிறது. கம்பெனி ஸ்டீரியோ அதற்கு 12 வோல்ட்டை ஆன்டெனா கேபிள் வழியாகவே கொடுக்கும். வெளியில் வாங்கிய ஸ்டீரியோ அப்படிக் கொடுக்காது, நீல வயரில் தனியாகத்தான் தரும். 12 வோல்ட்டைக் கேபிளுக்குள் ஏற்றும் ஆன்டெனா அடாப்டர் ஒன்றை இடையில் போட்டு, அதன் வயரை ஸ்டீரியோவின் நீல வயரோடு சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பூஸ்டர் செத்த நிலையில் இருக்கும். நகரத்துக்குள் பாட்டு ஓரளவு வரும், ஊரைத் தாண்டியதும் இரைச்சல் மட்டும். புது ஸ்டீரியோ மாட்டிய நாளிலிருந்து ரேடியோ மோசம் என்றால் வேறு எதையும் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

அடுத்து ஆன்டெனாவின் எர்த். பிளக்கைக் கழற்றி, அதன் வெளி உலோகத்துக்கும் வண்டி பாடிக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். பத்து, இருபது என்று காட்டினால் கூரையில் ஆன்டெனா நட்டுக்கு அடியில் துரு அல்லது பெயின்ட். நட்டைக் கழற்றி, கூரைத் தகட்டின் உள்பக்கம் வாஷர் உட்காரும் வட்டத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். எர்த் இல்லாத கேபிளின் வலை முழுவதும் ஏரியலாக மாறி, டேஷ்போர்டுக்குள் ஓடும் ஒவ்வொரு வயரின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும்.

படி 6: பாடி எர்த்

இஞ்சினை ஓட்டி, ஹெட்லைட், புளோயர் போட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். பேட்டரி மைனஸ் முனைக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும், பேட்டரி மைனஸுக்கும் ஸ்டீரியோவின் உலோக உடலுக்கும் அதேபோல. கூடினால் அந்த வழியிலுள்ள எர்த் வயர் சரியில்லை.

ரேடியோ அலைக்கு வட்ட வயரைவிடத் தட்டையான பின்னல் பட்டை நல்லது. ஈயம் பூசிய செம்புப் பின்னல், 12 மி.மீ. அகலம், நீளம் அகலத்தைப் போல ஐந்து மடங்குக்குள் இருந்தால் சிறப்பு, எப்படியும் முடிந்தவரை குட்டையாக. பானெட் கீலுக்கும் பாடிக்கும் ஒன்று, இஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் ஒன்று, சைலன்சர் குழாய்க்கும் பாடிக்கும் ஒன்று. பானெட் பெயின்ட் பூசிய கீலில் தொங்குவதால் எர்த் இல்லாத தகடாக நின்று, அடியிலிருக்கும் இக்னீஷன் இரைச்சலை வெளியே ஒலிபரப்பும்.

ஆம்ப்ளிஃபயர் உள்ள வண்டியில் ஸ்டீரியோ எர்த்தும் ஆம்ப் எர்த்தும் நல்ல உலோகத்தில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் இருக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்காதீர்கள். பவர் கேபிள் வலப்பக்கம் போனால் ஆர்சிஏ இடப்பக்கம் போகட்டும். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்கோணத்தில் கடக்கட்டும். இவ்வளவும் செய்த பின்னும் எர்த் லூப் மிஞ்சினால்தான் ஆர்சிஏ ஐசோலேட்டர். மலிவான ஐசோலேட்டரில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் பேஸைத் தின்றுவிடும்.

படி 7: டைனமோ

இஞ்சின் 2,000 ஆர்.பி.எம்.மில், ஹெட்லைட் போட்டு, பேட்டரி முனைகளில் டிசி பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். பிறகு அதே இடத்தில் ஏசி வோல்ட். 0.1-க்குக் கீழ் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் உள்ளே ஏசியை டிசியாக்கும் டயோடு ஒன்று போயிருக்கலாம். விலை குறைந்த சில மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்து 28, 30 என்று காட்டும். ஒரு புரோப்போடு 1 மைக்ரோஃபாரட் கண்டன்சரைத் தொடராகச் சேர்த்தால் அது போய்விடும்.

டயோடு போயிருந்தால் ஃபில்டர் மாட்டி மறைக்காதீர்கள். பேட்டரி இரவோடு இரவாக இறங்கும், ஒருநாள் நடுவழியில் நிறுத்தும். செல்ஃப், டைனமோ பட்டறையில் டயோடு பிளேட்டும், கூடவே கார்பன், ஸ்லிப் ரிங் தேய்மானமும் பார்க்கச் சொல்லுங்கள்.

டயோடு நன்றாக இருந்தும் ‘உய்ங்’ இருந்தால், டைனமோவின் பின்புறம் தகர டப்பா போன்ற கண்டன்சர் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணமாக 0.5 முதல் 2.2 மைக்ரோஃபாரட் இருக்கும். பல டைனமோக்களில் அது இருந்தும் திருகு துருப்பிடித்து வேலை செய்யாமல் இருக்கும். இல்லையென்றால் 2.2 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் உலோக உடல் சப்ரஸர் கண்டன்சரை, பேட்டரி மைனஸைக் கழற்றிய பிறகு, பி பிளஸ் ஸ்டட்டில் (பேட்டரிக்குப் போகும் தடித்த வயரின் முனை) கண்டன்சர் வயரையும் டைனமோ உடலில் அடிப்பகுதியையும் வைத்து இறுக்குங்கள்.

ஸ்டீரியோ பக்கம் பவர் ஃபில்டர் போடுவது இதற்குப் பிறகு. மஞ்சள் வயரில், ஸ்டீரியோவுக்கு 15 செ.மீ.க்குள். நான்கு ஸ்பீக்கர் ஸ்டீரியோவுக்கு 15 ஆம்பியர் சோக் (இரைச்சலைத் தடுக்கும் கம்பிச் சுருள்), ஸ்டீரியோ பக்கம் 2,200 மைக்ரோஃபாரட் கண்டன்சர். 16 வோல்ட் கண்டன்சர் வைக்காதீர்கள், 35 வோல்ட் வையுங்கள். பேட்டரி முனை தளர்ந்தால் டைனமோ ஒரு கணம் பல மடங்கு வோல்ட் தள்ளும். 5 ஆம்பியர் சோக் வைத்தால் பேஸ் அடிக்கும்போதெல்லாம் சூடேறி வோல்ட் விழும்.

படி 8: இக்னீஷன்

பிளக்கின் எண்ணில் ‘ஆர்’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பிராண்டுகளில் அது உள்ளே ரெசிஸ்டர் இருப்பதைக் குறிக்கும். ‘பிக்கப்’ கிடைக்கும் என்று ஆர் இல்லாத பிளக் மாட்டும் வழக்கம் உண்டு. பிக்கப் ஒன்றும் கூடாது, ரேடியோதான் போகும். சில ஈசியூக்களும் குழம்பும். பிளக்கைக் கழற்றி மேல்முனைக்கும் நடு எலக்ட்ரோடுக்கும் ஓம் பார்த்தால் சுமார் 3 முதல் 8 கிலோ ஓம் வரும். பூஜ்யம் என்றால் ரெசிஸ்டர் இல்லாதது. எல்லையில்லாமல் காட்டினால் உடைந்தது.

தனி பிளக் வயர் உள்ள பழைய வண்டியில் நான்கையும் அளந்து ஒப்பிடுங்கள். நீளமானது கூடுதலாகக் காட்டும், அது இயல்பு. ஒன்று மட்டும் திறந்திருந்தால் உள்ளே கார்பன் நூல் விட்டுப்போய், அங்கேயும் ஒரு ஸ்பார்க் குதிக்கிறது. இருட்டில் பானெட்டைத் திறந்து இஞ்சினை ஓட்டினால் நீலப்பொறி கண்ணுக்கே தெரியும். கையால் தொடாதீர்கள். பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றாலும் வோல்ட் கூடி இரைச்சல் கூடும். கையேட்டில் சொன்ன அளவுக்கே வையுங்கள். கேஸ் கிட் போட்ட வண்டியில் இதை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

படி 9: மோட்டார்கள்

பிரஷ் மோட்டாரில் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு 0.1 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் செராமிக் கண்டன்சர். கால்கள் 1 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸில் 1 செ.மீ. வயரே சுமார் 6 ஓம் தடையாகிவிடும். 5 செ.மீ. கால் வைத்துச் சாலிடர் செய்தால் ஏ.எம். அடங்கும், எஃப்.எம். அப்படியே இரையும்.

ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள கார்களில் புளோயர் வேகம் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) மாட்யூலால் துடிப்பாகக் கட்டுப்படுத்தப்படலாம். அங்கே மோட்டார் முனைகளில் கண்டன்சர் போட்டால் ஒவ்வொரு துடிப்பிலும் மாஸ்ஃபெட் அந்தக் கண்டன்சரை ஷார்ட் போலப் பார்க்கும், சீக்கிரம் எரியும். அங்கு ஃபெரைட் மட்டும். சென்சார் வயர், ஏர்பேக் வயர், கேன் வயர் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வயர்), இக்னீஷன் காயிலின் மைனஸ் முனை ஆகியவற்றில் ஒருபோதும் கண்டன்சர் வேண்டாம். பெட்ரோல் பம்பு டேங்குக்குள் இருப்பதால் அதைத் திறக்காமல், வெளியே வரும் வயரில் ஃபெரைட் போடுங்கள்.

படி 10: ஃபெரைட், டேஷ்கேமரா, எல்இடி

பண்பலை அலையில் கால் பங்கு நீளம் சுமார் 75 செ.மீ. டேஷ்கேமராவின் வயர் 3 மீட்டர். அது கண்ணாடியோரமாக, பல வண்டிகளில் ஆன்டெனா கேபிளுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. கேமரா போட்டதும் எஃப்.எம். கெடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஃபெரைட்டை வயரில் ஒருமுறை நுழைத்தால் ஒரு சுற்று. மூன்று சுற்று போட்டால் தடை ஏறக்குறைய ஒன்பது மடங்காகும். பிளஸ், மைனஸ் இரண்டு வயரும் சேர்ந்தே நுழைய வேண்டும், ஒன்றை மட்டும் நுழைத்தால் ஓடும் கரன்டே ஃபெரைட்டை நிறைத்துச் செயலிழக்க வைக்கும். எஃப்.எம்.முக்கு 43 அல்லது 31 ரகக் கிளிப் ஃபெரைட்டில் மூன்று சுற்று, கேமராவுக்கு 10 செ.மீ.க்குள் ஒன்று, சாக்கெட் பக்கம் ஒன்று. அதற்குமேல் சுற்றினால் சுற்றுகளுக்கிடையே அலை தாவிவிடும். ஏ.எம்.முக்கு ஒருமுறை நுழைத்த கிளிப் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. 31 ரகத்தில் 61 மி.மீ. விட்டமுள்ள எஃப்.டி. 240 வளையத்தில் 8 முதல் 10 சுற்று வேண்டும். மிச்ச வயரைச் சுருட்டி ஒளிப்பதற்குப் பதில் இந்த வளையத்திலேயே சுற்றிவிடலாம். ஏ பில்லருக்குள் திணிக்கும்போது கர்ட்டன் ஏர்பேக்குக்கு முன்னால் வயர் போகக் கூடாது, பின்னால்தான் போக வேண்டும்.

சார்ஜரைப் பொறுத்தவரை ஃபெரைட் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், வேறு சார்ஜர் வாங்குங்கள். வாங்கும்போது சின்ன ரேடியோவைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக் கேட்டே வாங்கலாம்.

எல்இடி ஹெட்லைட் பல்புகளில் மூலம் பெரும்பாலும் பல்புக்குப் பின்னால் தொங்கும் டிரைவர் டப்பா. பழைய ஹாலஜனை மாட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் டப்பாவின் இருபுறமும் ஃபெரைட் போட்டு, வயரைக் குட்டையாக்கி, டப்பாவைப் பாடித் தகட்டோடு ஒட்டிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் டப்பா என்றால் பலன் பாதிதான். ஹாலஜனுக்கே திரும்புவதுதான் உறுதியான தீர்வு.

லாரி, ரிக் வண்டிகளுக்கு

சங்ககிரி, நாமக்கல் லாரிகளிலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் சிக்கல் வேறு. வண்டி 24 வோல்ட், ஸ்டீரியோ 12 வோல்ட். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இரைச்சல் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பேட்டரி எப்போதும் குறைசார்ஜில் இருக்கும், மற்றப் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். இரண்டும் சீக்கிரம் போகும். பேட்டரி விலையைப் பார்த்தால் இது வேண்டவே வேண்டாம்.

சிறந்த வழி 24 வோல்ட்டிலேயே ஓடும் ஸ்டீரியோ. இல்லையென்றால் உலோக உடலுள்ள 24-12 கன்வர்ட்டர். 10 ஆம்பியர் தேவைக்கு 15 முதல் 20 ஆம்பியர் ரகம். முழுத்திறனில் ஓடும் கன்வர்ட்டர் கொதிக்கும், கண்டன்சர் உலரும், உலர உலர இரைச்சல் ஏறும். ஆறு மாதம் நன்றாக இருந்து பிறகு இரைய ஆரம்பிக்கும் கன்வர்ட்டருக்குக் காரணம் இதுதான். ஸ்டீரியோவிலிருந்தும் ஆன்டெனா கேபிளிலிருந்தும் 1 மீட்டர் தள்ளி, காற்றுப் படும் இடத்தில், உடல் நேராகச் சேஸிஸில் படும்படி போல்ட் போடுங்கள். உள்ளே போகும் வயர், வெளியே வரும் வயர் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள், சுத்தமான பக்கத்துக்கு இரைச்சல் தாவும். இருபுறமும் ஃபெரைட் வளையம், ஒவ்வொன்றிலும் 5 சுற்றாவது.

கூண்டு கட்டும் பட்டறையில் கட்டிய கேபினில் கூரை மரமோ ஃபைபரோ என்றால் ஆன்டெனா அடிக்கு எர்த் கிடையாது. 30 செ.மீ. சதுரத் தகடு ஒன்றைக் கூரைக்கு உள்பக்கம் வைத்து அதன்மேல் ஆன்டெனாவை இறுக்கி, தகட்டிலிருந்து சேஸிஸ் வரை பின்னல் பட்டை இழுங்கள். கன்வர்ட்டரை மாற்றியும் தீராத பல லாரிகளில் மிச்சமிருக்கும் கோளாறு இது.

மின்சாரக் கார்

இன்வர்ட்டர் நூற்றுக்கணக்கான வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டுவதால் ஏ.எம். பட்டைக்குத்தான் முதல் அடி. இதனாலேயே பல மின்சாரக் கார்களில் ஏ.எம். கொடுப்பதே இல்லை. ஆரஞ்சு நிற வயர், அதன் உறை, அதன் எர்த் எதையும் தொடாதீர்கள். உயிர் போகும். நீங்கள் செய்யக்கூடியது சாக்கெட் கருவிகளைச் சோதிப்பதும் ஆன்டெனா எர்த் பார்ப்பதும் மட்டுமே. எல்லாம் கழற்றிய பின்னும் எஃப்.எம். இரைந்தால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். ‘ரேடியோ சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் ஸ்டீரியோவைத்தான் மாற்றுவார்கள். எந்த எண்ணில், எந்த வேகத்தில் வருகிறது, பார்க் நிலையில் வருகிறதா, சார்ஜ் ஏறும்போது வருகிறதா, ஆன்டெனா பிளக்கைப் பிடுங்கினால் போகிறதா என்று எழுதிக் கொடுங்கள். வாரன்டியில் இருக்கும் பெட்ரோல், டீசல் கார்களுக்கும் இதே குறிப்பைக் கொடுக்கலாம். வயரை வெட்டி ஒட்டும் வேலையை வாரன்டி முடியும்வரை தள்ளிவையுங்கள். கிளிப் ஃபெரைட்டுக்கு எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை.